தலைப்பிரசவத்திற்கு ஆயத்தமாதல்: கருத்தரிக்கும் முன்பிருந்து குழந்தையின் முதல் வாரம் வரை

எங்கள் மகப்பேற்றுப் புறநோயாளர் பிரிவுக்கு முதன்முறையாக வரும் பெண்களில் பெரும்பாலோர், நாள் தள்ளிப்போய் ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ ஆன பின்னரே வருகின்றனர். கருத்தரிப்பதற்கு முன்பே ஆலோசனை கேட்டு வரும் தம்பதியரை விரல்விட்டு எண்ணிவிடலாம். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கின்ற நம் குடும்பங்கள், கருத்தரிப்புக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை பார்ப்பதில்லை. இந்தத் தாமதத்தின் விலை என்னவென்பதை முதலில் விளக்கிவிடுகிறோம்.

கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் பின்னாளில் வளரவேண்டிய நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கும் நேரத்தில் இந்தப் பணி முடிந்துவிடுகிறது. அது சரியாக மூடாவிட்டால் மண்டையோடு உருவாகாமலோ, முதுகில் தண்டுவடம் வெளித்தெரிந்தோ குழந்தை பிறக்கும். எங்களிடம் ஒரு பெண் இரண்டாம் மாத இறுதியில் வரும்போது, இந்தக் குறையைத் தடுப்பதற்கான காலம் ஏற்கெனவே கடந்துவிட்டிருக்கும். அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையை, கருத்தரிக்க விரும்பும் மாதத்திற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில் உட்கொள்ளச் சொல்கிறோம். முன்னரே இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு மிகுந்த அளவு தேவை. அதை மருத்துவர்தாம் எழுதித் தரவேண்டும்.

இந்த மாத்திரையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்த பஞ்சாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சிறிது காலம் பணிபுரிந்தார். ஈஸ்ட் சத்தை உணவில் சேர்த்தபோது அப்பெண்கள் தேறினர். அதிலிருந்த பொருள்தான் ஃபோலேட் என்பது பின்னர் தெரியவந்தது. இதைக் கருத்தரிப்புக்கு முன்பிருந்தே கொடுத்தால், முன்னர் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு அக்குறை மீண்டும் வருவது நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைகிறது என்று 1991இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. மிக மலிவான மாத்திரை இது. எடுக்கத் தவறுவதற்குக் காரணம் விலையன்று, காலம் தெரியாமைதான்.

கருத்தரிப்புக்கு முன் பேசவேண்டிய மற்றொன்று உறவுமுறைத் திருமணம். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது இப்பகுதியில் இன்றும் இயல்பு. அக்காள் மகளை மணந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். இதில் குற்றம் சாட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். மாமன் மகள், அத்தை மகன் ஆகியோர் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் இது நான்கில் ஒரு பங்கு. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக்குறை இருக்கக்கூடும். மாமன், அத்தை மக்கள் திருமணத்தில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிக்கும். எனவே பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை. ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மை. இரு வீட்டிலும் சிறு வயதில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை, செவித்திறன் இல்லாதவர், வலிப்பு அல்லது வளர்ச்சிக் குறை உள்ளவர் யாரேனும் இருப்பின், அதை மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். "பெண் வீட்டார் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்" என்ற தயக்கத்தால் மறைக்கப்பட்ட செய்திகள், ஐந்தாம் மாத ஸ்கேன் அறையில் வெளிவருவதை நாங்கள் பார்க்கிறோம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை உட்கொள்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே வரவேண்டும். வலிப்பு மருந்துகளில் வால்புரோயேட் கருவின் உறுப்புகளைப் பாதிக்கும். அதற்கு மாற்று உண்டு. கருவுற்றது தெரிந்தவுடன் அச்சத்தில் தாமே மாத்திரையை நிறுத்திவிடுவது அதைவிட ஆபத்தானது.

பதிவும் இரத்தசோகையும்

கருவுற்றது உறுதியானதும் 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, 12 இலக்க எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். மக்கள் இதைப் 'பிக்மி எண்' என்கின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவிக்கும், பின்னர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் தேவைப்படும். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிரசவத்தின்போது சிறிதளவு மிகுதியாக இரத்தம் போனால், ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் தாங்கிக்கொள்வார். 7 உள்ள பெண் தாங்கமாட்டார். இத்தனை எளிமையான கணக்கு இது. இரும்புச்சத்து மாத்திரை எல்லா இடங்களிலும் கிடைக்கிறது. பிறகு ஏன் அளவு ஏறவில்லை?

இந்தப் பள்ளத்தாக்கில் விடை பெரும்பாலும் தேநீரில் உள்ளது. விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகளில் ஏறி, மலை கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், வெறும் வயிற்றில் தேநீர், நடுவில் தேநீர், திரும்பி வந்ததும் தேநீர் என்று பசியைத் தள்ளிப்போடுகின்றனர். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அவ்வாறே. ஆகவே இரும்பு மாத்திரையை ஒரு வேளையிலும் சுண்ணாம்பு மாத்திரையை வேறு வேளையிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணி நேரம் இருக்கட்டும். மாத்திரையோடு ஒரு கொய்யாவோ, எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் உறிஞ்சப்படுவது கூடும். மலம் கறுத்துப்போவதைக் கண்டு அஞ்சவேண்டாம். அது மாத்திரையின் நிறம். குமட்டல் தாங்கமுடியவில்லையெனில், மாத்திரையைத் தூக்கி எறியாமல் எங்களிடம் சொல்லுங்கள். இரவு உணவுக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் சிரை வழியாகவும் இரும்புச்சத்தைச் செலுத்தலாம். குங்குமப்பூவுக்குச் செலவழிக்கும் பணத்தில் முருங்கைக்கீரையும் முட்டையும் மொச்சையும் வாங்கலாம். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது.

தோட்ட வேலை பற்றி இன்னொன்று. ஏலத்தோட்டத்திலும் திராட்சைக் கொடிக்காலிலும் மருந்தடிப்பு அடிக்கடி நடக்கிறது. கருவுற்ற பெண் மருந்து கலக்கவோ, அடிக்கவோ, அடித்த ஈரம் காயுமுன் அந்த வரிசைகளில் நுழையவோ கூடாது. கணவர் மருந்தடிப்பவராக இருந்தால், வேலைக்குடுத்திய துணியோடு வீட்டுக்குள் வராமல், வெளியிலேயே மாற்றிக் குளித்துவிட்டு வரவேண்டும். அத்துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். துவைப்பது அவராகவே இருக்கட்டும்.

சர்க்கரைப் பரிசோதனையை எல்லாக் கருவுற்ற பெண்களுக்கும் செய்வதில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவின் பணியைத் தொடர்ந்து 2007இல் அரசு இதை நடைமுறைப்படுத்தியது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்த இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்கிறோம். முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்திற்குள் மறுபடி பார்க்கவேண்டும்.

தாய்வீட்டுக்குப் போகும்போது

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறார். அழகான வழக்கம்; பெண்ணுக்கு ஓய்வும் தாயின் கைச்சமையலும் கிடைக்கின்றன. ஆனால் மருத்துவக் கண்ணோட்டத்தில் இந்தப் பயணத்தில்தான் தொடர்ச்சி அறுபடுகிறது. திருப்பூரிலோ நெடுங்கண்டத்திலோ ஆறு மாதம் பரிசோதனை செய்துகொண்ட பெண், உத்தமபாளையத்துக்கோ சின்னமனூருக்கோ வரும்போது வளையல்களும் பட்டுப்புடவையும் வருகின்றன. ஸ்கேன் அறிக்கைகள் கணவர் வீட்டுப் பீரோவில் தங்கிவிடுகின்றன. வலி வந்து நள்ளிரவில் வரும் பெண்ணின் இரத்தப் பிரிவு என்ன, நஞ்சுக்கொடி கீழிறங்கியுள்ளதா, முன்னர் இரத்த அழுத்தம் இருந்ததா என்பனவற்றை நாங்கள் முதலிலிருந்து தேடவேண்டியிருக்கிறது.

ஆகவே வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே மூன்று செயல்களைச் செய்யுங்கள். தாய்-சேய் அட்டையையும் எல்லா அறிக்கைகளையும் ஒரு பையில் இட்டு, அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் கணவரிடமும் தாயாரிடமும் வைத்துக்கொள்ளுங்கள். வந்த வாரத்திலேயே, வலிக்குக் காத்திராமல், பிரசவம் பார்க்கவிருக்கும் மருத்துவமனைக்கு ஒருமுறை வாருங்கள். அவ்வூர்ச் செவிலியரிடம் உங்கள் வருகையைத் தெரிவியுங்கள். கேரளத்தில் பதிவு செய்தவர்கள் அங்குள்ள அட்டையையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.

தொலைவையும் கணக்கில் கொள்ளவேண்டும். கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்கும் அப்பால். மேகமலையிலிருந்தோ குரங்கணிக்கு மேலுள்ள குடியிருப்புகளிலிருந்தோ வருபவர்களுக்கு மலையிறங்குவதே பெரும் பயணம். மழை நாளில் அதன் நேரத்தை யாரும் சொல்லமுடியாது. மலைக்குடியிருப்புகளில் வாழ்பவர்கள் குறித்த நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே கீழே உறவினர் வீட்டிலோ மருத்துவமனையிலோ வந்து தங்கிவிட வேண்டுமென வற்புறுத்துகிறோம். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, எவ்வளவு சிறிதாயினும் இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். அசைவு குறைந்ததாகத் தோன்றும்போது "குழந்தை தூங்குகிறது" என்று ஆறுதல் சொல்பவர்கள் வீட்டில் எப்போதும் இருப்பார்கள். அந்த ஆறுதலை நம்பாதீர்கள்.

பிரசவ அறையில் தாய்க்கு நம்பிக்கையான பெண் துணை ஒருவர் உடனிருப்பது நல்லது. கையைப் பிடித்துக்கொண்டு இருப்பவர் ஒருவர் இருந்தால் வலிநேரம் குறைகிறது, அறுவைக்கான தேவையும் சற்றுக் குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. துணையாக வருபவர் அச்சுறுத்தும் கதைகளைச் சொல்லாதவராக இருக்கவேண்டும். இதில் உறவின் நெருக்கத்தைவிடக் குணமே முக்கியம்.

அறுவைப் பிரசவம் பற்றி எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். மேற்கூறிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை மூலம் நடந்தவை. தேவையான இடத்தில் அது உயிர்காக்கும். அப்போது கையொப்பமிட ஊரிலிருந்து பெரியப்பா வரட்டும் என்று காத்திருப்பது பெருந்தவறு. தேவையற்ற இடத்தில் அது அடுத்த கர்ப்பத்தையும் சிக்கலாக்கும். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து, 37ஆவது வாரத்திலேயே அறுவை செய்யக் கேட்கும் குடும்பங்கள் உள்ளன. 39 வாரம் நிறையுமுன் காரணமின்றி எடுக்கப்பட்ட குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு மிகுதி. நட்சத்திரம் நன்றாக அமைந்து, நுரையீரல் முதிராமல் பிறப்பதில் என்ன நன்மை?

முதல் ஒரு மணி நேரமும் சேனையும்

குழந்தை பிறந்து அழுதவுடன், தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்தே கத்தரிக்கிறோம். அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. பின்வரும் மாதங்களில் இரத்தசோகை குறைகிறது. குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பின் மேல் கிடத்திப் போர்த்துகிறோம். தாயின் உடற்சூடே முதல் வெப்பக்கருவி. குறைமாதக் குழந்தைகளை இவ்வாறு மார்போடு அணைத்துக் காக்கும் முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப்பெட்டிகள் போதாத மருத்துவமனையொன்றில் தொடங்கி, உலகெங்கும் பரவியது.

ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கவேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நிகழ்கின்றன. ஆயினும் ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டப்பட்ட குழந்தைகள் 100க்கு 60 என்ற அளவிலேயே இருந்தன. இடையில் நிகழ்வது என்ன? அறுவைக்குப் பின் தாய் மயக்கத்தில் இருப்பது ஒரு காரணம். மற்றொன்று சேனை.

இப்பகுதியில் குழந்தை பிறந்ததும் குடும்பத்தில் நற்குணமும் நல்வாழ்வும் உடைய மூத்தவர் ஒருவர், சர்க்கரை நீரையோ தேனையோ விரலால் தொட்டுக் குழந்தையின் நாவில் வைப்பார். அவரது குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சேனை வைத்தவர் யார் என்பதைப் பிள்ளை வளர்ந்த பின்னும் சொல்லிக் காட்டுவார்கள். இந்த வழக்கத்தின் பின்னுள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் மருத்துவராக இதற்கு எங்களால் உடன்பட இயலாது. பிறந்த குழந்தையின் குடல் கிருமி ஏதும் அறியாதது. அதில் முதலில் குடியேறுவது விரல் நுனியிலுள்ள கிருமியாக இருக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்க வல்லது. சர்க்கரை நீரால் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது. சப்பாவிட்டால் பால் சுரப்பது தாமதமாகும். உடனே "பால் இல்லை" என்ற தீர்ப்பு வந்து புட்டி வாங்கப்படும். கழுதைப்பாலும் இவ்வாறே. தெருவில் கறந்து சங்கில் ஊற்றித் தரப்படும் அந்தப் பால் குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். நோயெதிர்ப்பைத் தருவதாகச் சொல்லப்படும் பயன் ஒன்றும் மெய்ப்பிக்கப்பட்டதன்று.

அப்படியானால் பாட்டனாருக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். நாங்கள் சில குடும்பங்களுக்குச் சொல்லும் யோசனை இது: மூத்தவர் கையைச் சோப்பிட்டுக் கழுவி, குழந்தையைத் தாமே எடுத்துத் தாயின் மார்பில் சேர்த்து வைக்கட்டும். முதல் சேனை சீம்பாலாக இருக்கட்டும். பலர் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருக்கின்றனர்.

சீம்பால் மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் மிகக் குறைவாகவும் இருக்கும். குறைவென்பது குறையன்று. முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி மட்டுமே. கெட்ட பாலென்று பீய்ச்சி எறிந்துவிடும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. எறியப்படுவது நோயெதிர்ப்புப் புரதம் நிறைந்த முதல் தடுப்பு மருந்து.

முதல் வாரம்

வீட்டுக்குச் செல்லுமுன் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை-பி தடுப்பூசி, இரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி ஆகியவை போடப்பட்டனவா எனக் கேட்டு அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் செல்ல 102 தாய்-சேய் ஊர்தி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

குழந்தையின் எடை முதல் சில நாள்களில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை எட்டிவிடும். பால் போதுகிறதா என்பதை அழுகையால் அறியமுடியாது, சிறுநீரால் அறியலாம். முதல் வாரம் முடியும்போது நாளொன்றுக்கு ஆறுமுறைக்கு மேல் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் போதுகிறது. பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிது இரத்தம் கசிவதும், ஆண் பெண் இருபாலருக்கும் மார்பு புடைத்திருப்பதும் தாயின் ஹார்மோனால் வருபவை. மார்பை அழுத்திப் பால் எடுக்காதீர்கள். சீழ்க்கட்டியில் போய் முடியும்.

தொப்புளில் எதையும் வைக்கவேண்டாம். சாம்பல், எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து தானே விழும். காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிமார் கையில் தேர்ச்சி இருக்கிறது என்பதை நாங்கள் ஒப்புகிறோம். அந்தக் குளியலை முதல் சில நாள்கள் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதையும், மூக்கில் ஊதுவதையும், தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பதையும், சாம்பிராணிப் புகை காட்டுவதையும், வசம்பு உரைத்து ஊற்றுவதையும் முற்றாக விட்டுவிடுங்கள். அதே பாட்டி துவைத்துத் துவைத்து மென்மையாக்கிய பருத்திப் புடவைத் துணிக்கு ஈடாகக் கடையில் ஒன்றும் கிடைப்பதில்லை. குழந்தைக்கு அதையே பயன்படுத்துங்கள்.

மூன்றாம் நாளளவில் தோன்றி ஒரு வாரத்தில் மறையும் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இயல்பானது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் தோன்றும் மஞ்சளும், உள்ளங்கை உள்ளங்காலுக்குப் பரவிய மஞ்சளும் இயல்பானவையல்ல. இளவெயிலில் காட்டினால் போதுமென்று நாள் கடத்தவேண்டாம். மிகுந்துவிட்டால் மூளையில் படிந்து செவித்திறனையும் நடையையும் பறித்துவிடும். நீலஒளிச் சிகிச்சை எளிது, வலியற்றது. பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிட்டுப்போதல் அல்லது காய்ச்சல், நிமிடத்திற்கு 60க்கு மேல் மூச்சு, மார்புக்குழி உள்ளிழுத்தல், வலிப்பு, பச்சை நிற வாந்தி, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள். பச்சிளங்குழந்தையின் நோய் மணிக்கணக்கில் முற்றும்.

தாயைப் பற்றி இந்த வாரத்தில் வீட்டார் மறந்துவிடுகின்றனர். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைத்து, சோறும் பூண்டும் மட்டும் தருவது புண்ணை ஆற்றாது. தாகத்துக்கு வேண்டிய அளவு நீரும், பருப்பும் முட்டையும் கீரையும் பழமும் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால், காய்ச்சல் வந்தால், கால் கெண்டைச்சதை ஒருபுறம் மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்கக்கூடாது. இரத்த அழுத்த வலிப்பு பிரசவத்துக்குப் பின்னரும் வரக்கூடும்.

தாயின் மனத்தையும் பாருங்கள். மூன்றாம் நாள் காரணமின்றி அழுவது பலருக்கும் நிகழ்ந்து தானே தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தையைத் தொட விருப்பமின்றிப் போனாலோ அது சிகிச்சை தேவைப்படும் நோய். இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. பெண் சிசுக்களைக் காக்க அரசு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தேனிக்கும் விரிவாக்கப்பட்ட காலத்தை நம்மில் பலர் நேரில் கண்டோம். அந்தக் கொடுமை பெருமளவு ஒழிந்தது. ஆயினும் இரண்டாவதும் பெண் என்று தெரிந்ததும் வார்டில் இறங்கும் அமைதியை நாங்கள் இன்றும் அறிவோம். பார்க்க வருபவர்களின் முகமாற்றத்தைத் தாய்தான் முதலில் படிக்கிறார். குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. இதைக் கணவர், தம் தாயார் இருக்கும்போதே, உரக்கச் சொல்வது நல்லது.

ஆறாவது வாரத்தில் தாய்க்குப் பரிசோதனையும் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசியும் ஒரே நாளில் அமையும். கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் அன்று காலை உணவு உண்ணாமல் வரவேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை மீண்டும் செய்யப்படும். அடுத்த குழந்தைக்கான இடைவெளி பற்றிப் பேசவேண்டியிருப்பதால், கணவரையும் அழைத்து வாருங்கள்.